குறை ஏதும் இல்லை

மருத்துவப் படகு மாதத்தில் ஒருநாள் வரும்,
கடல் சீறினால் அதுவும் இல்லை.
இந்தமுறை டாக்டருக்கு முன்னால்
ஓர் அட்டைப்பெட்டி இறங்கியது,
பிளாஸ்டிக் சுற்றி, ஒரு மூலை நனைந்து.
இருநூறு தாள். தாளுக்குப் பன்னிரண்டு கேள்வி.
"இனி நீங்கள் அவர்களுக்காக எழுத வேண்டாம், நோல்ஃபா,
அவர்களே சொல்லட்டும்" என்றார்
அச்சாவ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண்.
பதினாறு வருஷமாக
நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று
அவரிடம் கேட்கவில்லை.

முதல் கேள்வியிலேயே தரை தட்டியது:
கடந்த ஏழு நாளில்
மாடிப்படி ஏறுவது எவ்வளவு சிரமமாக இருந்தது?
இந்தத் தீவில் மாடி என்றால்
மரத் தேவாலயத்தின் மணிக்கூண்டு.
அதில் ஏறுவது மணியடிக்கும் ஒர்லாந்தோ மட்டும்.
அவன் முழங்காலுக்கு ஒன்றுமில்லை.
மாடியை அடித்துவிட்டுப்
படகுத்துறை ஏணி என்று பேனாவால் எழுதினேன்,
இருநூறு தடவை.
நீர் வற்றினால் பதினோரு படி, ஏறினால் நான்கு;
எந்த நேரத்து ஏணி என்று கேட்டாள் ஒருத்தி.
நியாயம்தான். அதற்குக் கட்டம் இல்லை.

ரொசாமெல் குவெந்தேயோ, சிப்பிக்கு மூழ்குகிறவன்.
எழுத்து தெரியாது. நான் வாசித்தேன்:
பூஜ்யம் என்றால் வலியே இல்லை,
பத்து என்றால் தாங்கவே முடியாதது.
வாசிக்கும்போதே என் குரல் அவனை
நாலு, ஐந்து பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனது.
வெளியே இன்னும் ஒன்பது பேர்.
நிறுத்தினேன்.
அவன் வாளியிலிருந்தே பத்து ஓடு எடுத்து
மேசையில் கொட்டிவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
ஓடு பலகையில் உரசும் சத்தம்.
ஆறு.
ஒன்றைத் திரும்ப எடுத்தான்.
நெடுநேரம் ஒன்றுமில்லை, மழை மட்டும்.
பிறகு மூன்று, ஒரே தடவையில்,
வலிக்காத கையால்.

தாளில் எட்டு என்று குறித்தேன்.
வைத்துவிட்டு எடுத்த அந்த ஒன்றை
எங்கே குறிப்பது?

எதீலியா மன்சீயா
கண்ணாடி மறந்து வந்ததாகச் சொல்லித்
தாளை வீட்டுக்கு எடுத்துப்போனாள்.
மறுநாள் நாலாக மடித்துத் தந்தாள்,
பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டாள்,
உருளைக்கிழங்கு அழுகுகிறது என்றாள், போனாள்.
ஏழாவது கேள்வி: இரவில் தூக்கம் கலைகிறதா?
தினமும்.
கட்டங்களைத் தொடாமல் ஓரத்தில் பென்சிலால்:
கதவு தட்டும் சத்தம்.
எழுந்து பார்த்தால் யாரும் இல்லை.
பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

எந்தப் படகு, எந்த வருஷம்
என்று எனக்குத் தெரியும்; தீவுக்கே தெரியும்.
அவளுடைய கோப்பை எடுத்தேன்.
ஒன்பது வருஷம், மாதம் தவறாமல்,
என் கையெழுத்தில், அழகான கையெழுத்தில்:
குறை ஏதும் இல்லை.
குறை ஏதும் இல்லை.
எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்காத மாதமில்லை.
கேட்கும்போது என் கண் கருவியின் முள்ளில் இருந்தது.
நன்றாக இருக்கிறேன் என்று அவள் சொன்னது பதிலல்ல,
பின்னால் நிற்பவனுக்கு வழிவிட்டது.

டாக்டர் ரியோசெக்கோ கூட்டிப் பார்த்தார்.
நாற்பத்தெட்டுக்கு முப்பத்தொன்று.
அட்டவணையில் அதற்கு மிதம் என்று பெயர்.
ஓரத்தைக் காட்டினேன்.
படித்தார். இன்னொரு தடவை படித்தார்.
"இதைக் கணினியில் ஏற்ற இடமில்லையே" என்றார்,
கேலியாக இல்லை, நிஜமாகவே தேடிக்கொண்டு.
படகு ஊதியது.

இரவில் நானும் ஒரு தாள் எடுத்தேன்.
ஆறு வரை சரசரவென்று போனது.
ஏழில் பென்சில் முனையைச் சீவினேன்,
மறுபடி சீவினேன்,
தாளைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை, வேலை முடிந்து,
எதீலியா வீட்டுக்கு நடந்தேன்.
வாசலில் கையை ஓங்கியபிறகுதான் உறைத்தது.
இறங்கி, சேற்றில் பின்னால் வந்து,
வேலிக்கு வெளியே நின்றுகொண்டு
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்,
என் பெயரையும் சேர்த்து,
யார் என்று தெரியும்படி.